ஒலிநாடாப் பொதியிலிருந்து பொதுக் களஞ்சியத்துக்கு

அரைமணி நேர வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அதில் ஈடுபட்டவர்கள் அறிவார்கள். ஆட்களைத் தேடிப் போக வேண்டும். அவர்கள் மனம்விட்டுப் பேசும்வரை பொறுத்திருக்க வேண்டும். பதிவு செய்ததை இரண்டு மூன்று தடவை கேட்டு வேண்டாதவற்றை வெட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு அது ஒருநாள் மாலை ஒலித்து அடங்கிவிடுகின்றது. அடுத்த மாவட்டத்தில் அதே பிரச்சினையோடு மல்லாடும் மக்களுக்கு அது எட்டுவதில்லை. அங்குள்ளவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றார்கள்.

சிறிய நிலையங்கள் தமது நிகழ்ச்சிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளவும், பகிர்ந்தவற்றைப் பாதுகாத்து வைக்கவும் வழி என்ன? இக்கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருபவர்கள் அமெரிக்காவின் பொது வானொலி நிலையத்தார். அவர்களது அனுபவத்தை இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்கின்றோம். கணனி, இணையம் என்று வரும் சொற்களைக் கண்டு வாசகர்கள் தயங்க வேண்டியதில்லை. அந்நிலையத்தாருக்கு இயந்திரங்கள் ஒருவாறு கிடைத்தன. ஒவ்வொரு பதிவுக்கும் விவரம் எழுதி வைப்பது, உரியவர்களின் அனுமதியைப் பெறுவது, களஞ்சியத்தின் திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஆகியவற்றிலேயே அவர்கள் அதிகம் சிரமப்பட்டார்கள்.

யாருடைய வானொலி?

நாம் பழகிய முறை வேறு. கொழும்பில் தலைமை நிலையம். அதன் கீழ்ப் பிரதேச சேவைகள். மேலிருந்து கீழே வரும் நிகழ்ச்சிகள். அமெரிக்கப் பொது வானொலி அவ்வாறு அமைந்ததன்று. அங்கு பெரும்பாலான நிலையங்களின் உரிமம் பல்கலைக்கழகங்களிடமோ, கல்லூரிகளிடமோ, இலாப நோக்கற்ற உள்ளூர்ச் சங்கங்களிடமோ உள்ளது. நேயர்களின் நன்கொடை அவற்றின் பெரிய வருமானம். 1967இல் இயற்றப்பட்ட பொது ஒலிபரப்புச் சட்டத்தின்படி பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஏற்படுத்தப்பட்டு, அரசாங்கப் பணம் அதனூடாக நிலையங்களுக்குப் பங்கிடப்பட்டது. 1970இல் தொண்ணூறு நிலையங்கள் சேர்ந்து தேசிய பொது வானொலி என்ற அமைப்பை உருவாக்கின. ஆங்கில முதலெழுத்துகளால் அதனை என்.பி.ஆர். என்பார்கள். அது நிகழ்ச்சிகளைத் தயாரித்து வழங்குகின்றது. நிலையங்கள் அதற்குச் சொந்தமானவை அல்ல. எதை ஒலிபரப்புவது, எதை விடுவது என்பது ஒவ்வொரு நிலையத்தினதும் சொந்தத் தீர்மானம்.

இப்படித் தனித்தனியாக நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்காவிட்டால் இருபத்துநான்கு மணி நேரத்தையும் நிரப்ப முடியாது. பகிர்வு அங்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்ததற்கு அதுவே காரணம்.

சைக்கிள் வலையமைப்பு

முதல் ஏற்பாடு தபாலில் நடந்தது. 1949-50 காலப்பகுதியில் நியூயோர்க் நகர நிலையமான டபிள்யூ.என்.வை.சி.யின் பணிப்பாளர் சீமூர் சீகல், நல்ல நிகழ்ச்சிகளின் ஒலிநாடாக்களைப் பிரதி செய்து மற்ற நிலையங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். ஒரு நிலையம் ஒலிநாடாவை ஒலிபரப்பிய பின் பட்டியலில் அடுத்துள்ள நிலையத்துக்கு அதைப் பொதி செய்து அனுப்ப வேண்டும். இதற்குச் ‘சைக்கிள் வலையமைப்பு’ என்று பெயர் வந்தது. ஒரே படச்சுருளை இரண்டு மூன்று தியேட்டர்களில் காட்டுவதற்காகப் பையன்கள் சைக்கிளில் கொண்டோடிய காலத்தின் பெயர் அது.

1951இல் கல்வி ஒலிபரப்பாளர்களின் தேசிய சங்கம் இப்பணியைப் பொறுப்பேற்று, கெலொக் மன்றத்தின் உதவியுடன் இலினோய் பல்கலைக்கழகத்தில் நிலையான அலுவலகம் அமைத்தது. அங்கிருந்து ஒலிநாடாக்கள் மொத்தமாகப் பிரதி செய்யப்பட்டன.

குறைகள் எவை என்று ஊகிப்பது கடினமன்று. பொதி பிந்தும். ஒருவர் அனுப்ப மறந்தால் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். நாடா தேயும். தேர்தலைப் பற்றிய உரையாடல் தேர்தல் முடிந்த பிறகு வந்து சேரும். ஆயினும் ஒரு நன்மையை நாம் மறக்கக்கூடாது: ஒலிநாடா கையில் இருந்தபடியால், நிலையம் தனக்கு வசதியான நாளில் அதை ஒலிபரப்பலாம்.

என்.பி.ஆர். 1971இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது நிலையங்களைத் தொலைபேசிக் கம்பிகள் இணைத்தன. செய்தி உடனுக்குடன் வந்தது. ஆனால் கம்பியின் தரம் குறைவு, இசை நிகழ்ச்சிக்கு உதவாது. 1980ஆம் ஆண்டளவில் செய்மதி வந்தது. ஒலித் தரம் உயர்ந்தது. ஆனால் செய்மதியில் நேரம் என்பது வாடகைப் பொருள். தனியாக உழைக்கும் தயாரிப்பாளர் ஒருவர் அந்த வாடகையைக் கொடுத்து, எந்த நிலையம் எடுக்கும் என்று தெரியாமலே நிகழ்ச்சியை வானுக்கு அனுப்ப வேண்டும். நிலையமும் குறித்த மணிக்குத் தயாராக இருந்து பதிவு செய்ய வேண்டும், தவறவிட்டால் அவ்வளவுதான். மறு ஒலிபரப்புக்கு வேண்டுமானால் திரும்பவும் ஒலிநாடாவைத் தேட வேண்டும். தபால் கொடுத்த ஆறுதலான அவகாசத்தைச் செய்மதி கொடுக்கவில்லை.

2003இல் ஒரு பொதுக் கடை

இவ்விரண்டின் நன்மைகளையும் ஒன்றாக்கும் முயற்சியே பொது வானொலிப் பரிமாற்றகம். சுருக்கமாகப் பி.ஆர்.எக்ஸ். மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரைத் தளமாகக் கொண்டு 2003இல் அது செயற்படத் தொடங்கியது. நிலையங்களின் கூட்டமைப்பு ஒன்றும், அத்திலாந்திக் பொது ஊடகம் என்ற சிறிய தயாரிப்பு அமைப்பும் சேர்ந்து அதனைத் தோற்றுவித்தன.

அதன் வேலைமுறை ஒரு கூட்டுறவுக் கடையை ஒத்தது எனலாம். தயாரிப்பாளர் தமது நிகழ்ச்சியை இணையத்தின் ஊடாகக் களஞ்சியத்தில் ஏற்றுகின்றார். நிலையத்தின் நிகழ்ச்சி அலுவலர் தமக்கு வசதியான நேரத்தில் பட்டியலைப் பார்த்து, கேட்டு, பிடித்திருந்தால் ஒலிபரப்பு உரிமையைப் பெறுகின்றார். நிலையம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு தயாரிப்பாளருக்குச் செல்கின்றது. கேட்டவர்கள் தமது மதிப்புரையையும் எழுதி வைக்கின்றார்கள். ஆகவே பெயர் தெரியாத ஒருவரின் நிகழ்ச்சியையும் பிறர் துணிந்து எடுக்க முடிகின்றது. பாடசாலை வயதினர் தயாரித்தவற்றுக்கும் அங்கு இடம் இருந்தது. 2009இல் பி.ஆர்.எக்ஸ். ‘த மொத்’ என்ற மேடைக் கதைசொல்லலை வானொலி நிகழ்ச்சியாகக் கொண்டுவந்து நாடெங்கும் பரப்பியது. பழைய முறையில் அதற்கு வாய்ப்புக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

எல்லோரும் பணம் கொடுத்து வாங்கும் முறையைக் கைக்கொள்ளவில்லை. ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் உள்ள ரேடியோ ஃப்றோ என்ற சமூக வானொலியைச் சேர்ந்தவர்கள், ஏறக்குறைய 2000ஆம் ஆண்டு தொடக்கம், அந்நாட்டுச் சுயாதீன வானொலிகளுக்கெனப் பண்பாட்டு ஒலிபரப்புக் களஞ்சியம் ஒன்றை நடத்தி வருகின்றார்கள். ஒரு நிலையம் ஏற்றியதை மற்ற நிலையம் பணமின்றி எடுக்கலாம், பொதுமக்களும் கேட்கலாம். நிகழ்ச்சியாளர் பெரும்பாலும் தொண்டர்களாக இருக்கும் இடத்தில் இம்முறை பொருந்தும். அந்த உழைப்பிலேயே சீவிக்க வேண்டியவர்கள் இருக்கும் இடத்தில் இலவசம் என்பது அவர்களது வயிற்றில் அடிப்பதாகும். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை; யார் உழைக்கின்றார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இசைத்தட்டுத் தரத்தில், எதையும் சுருக்காமல் ஒரு மணி நேர ஒலியை வைத்திருப்பதற்கு ஏறக்குறைய 635 மெகாபைற்று இடம் வேண்டும். அமெரிக்க நிலையங்கள் பரிமாற்றத்துக்கு மிகுதியும் கையாண்ட எம்.பி.2 என்ற சுருக்க முறையில், வினாடிக்கு 256 கிலோபிற்று வீதம் அதுவே 115 மெகாபைற்றாகக் குறைகின்றது. பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சியைத் தனி ஒலித்தடத்தில் வினாடிக்கு 64 கிலோபிற்று என்ற அளவில் எம்.பி.3 ஆக்கினால் 29 மெகாபைற்று போதும்.

தொலைபேசிக் கம்பியில் இணையத்தைப் பெற்ற நாட்களில், மிகவும் நல்ல இணைப்பென்றாலும் அந்த 115 மெகாபைற்றை இறக்க நாலரை மணி நேரத்துக்கு மேல் செல்லும். சுருக்காத ஒலியானால் ஒரு நாளுக்கும் மேல். இப்பரிமாற்றம் 1990களில் தோன்றாமல் வேகமான இணைப்புகள் பரவிய பின்னர் தோன்றியதன் காரணம் இதுவே.

அந்த மெதுவான நாட்களில் எமது நாட்டின் கொத்மலை சமூக வானொலி வேறொரு வழியைக் கண்டது. 1989இல் தொடங்கிய அந்நிலையம் 1998இல் யுனெஸ்கோவின் உதவியுடன் இணைய இணைப்பைப் பெற்றது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பில் விளக்குவார்கள். தேடிப் பெற்ற தகவல்களை மீண்டும் பயன்படுத்துவதற்காகத் தமது கணனியிலேயே சேர்த்தும் வைத்தார்கள். ஒருவர் இறக்கியது பலருக்குப் பயன்பட்டது. வேகம் இல்லாத இடத்தில் சேமிப்பு அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இன்று இடம் மலிந்துவிட்டது. ஒரு டெராபைற்று வன்தட்டில் சுருக்காத ஒலியே ஏறக்குறைய 1,570 மணி நேரம் அடங்கும். இதனால் ஒரு விதியை எளிதாகக் கடைப்பிடிக்கலாம்: மூலப் பதிவைச் சுருக்காமல் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் சுருக்கிய பிரதியைச் செய்ய வேண்டும். சுருக்கும்போது கழிந்த ஒலி பிறகு திரும்பி வராது. சுருக்கியதை வெட்டி, ஒட்டி, மறுபடியும் சுருக்கினால் தரம் இன்னும் இறங்கும். பிரதியின் பிரதி எடுத்த கசெற்றைக் கேட்டவர்களுக்கு இது புரியும். எம்மில் பல குழுக்கள் இப்போது பதிவுகளை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதோடு விட்டுவிடுகின்றன. அவசரத்துக்கு அது நல்லது. ஆனால் தொலைபேசி உடைந்தால் அல்லது களவு போனால் பதிவும் போய்விடும். இருந்தாலும்கூட ஆறு மாதத்துக்குப் பிறகு அதைத் தேடிப் பிடிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகவே இருக்கும்.

சீட்டு இல்லாத ஒலிநாடா

பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருகின்றோம். களஞ்சியத்தில் நெல் மூட்டையை அடுக்குபவர் எந்த வயல், எந்தப் போகம் என்று எழுதாவிட்டால் விதைநெல்லும் உணவுநெல்லும் கலந்துவிடும். ஒலிக்கு இது இன்னும் மோசம். மூட்டையை அவிழ்த்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரப் பதிவில் என்ன இருக்கின்றது என்று அறிய ஒரு மணி நேரம் இருந்து கேட்க வேண்டும்.

எனவே பரிமாற்றத்துக்கு வரும் ஒவ்வொரு பதிவும் ஒரு விவரச் சீட்டோடு வர வேண்டும். தலைப்பு, தயாரித்தவர், பேசுபவர், இடம், திகதி, மொழி, பொருள் என்பன எவருக்கும் தோன்றக்கூடியவை. வானொலிக்கு வேறு சிலவும் வேண்டும். நிகழ்ச்சியின் நீளம் வினாடிக் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். ஏனெனில் அங்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி என்பது பெரும்பாலும் ஐம்பத்தொன்பது நிமிடம், அதிலும் முதல் சில நிமிடங்கள் செய்திக்கு விடப்படும். அறிவிப்பாளர் முன்னுரையாகச் சொல்ல வேண்டிய வசனங்கள், முதற் சொல், கடைசிச் சொல், எத்திகதிக்குப் பின் ஒலிபரப்பக்கூடாது என்ற குறிப்பு, சிறுவர் கேட்கத் தகாத பகுதி உண்டாயின் எச்சரிக்கை இவையெல்லாம் சீட்டில் இருந்தால்தான், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ள அறிவிப்பாளர் தயாரிப்பாளரைத் தேடாமல் அதை ஒலிபரப்ப முடியும்.

சீட்டை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுதினாலும் சிக்கல். ஒருவர் ‘விவசாயம்’ என்பார், மற்றவர் ‘வேளாண்மை’ என்பார், மூன்றாமவர் ‘நெற்செய்கை’ என்பார். தேடுபவர் ஒன்றைக் கண்டு இரண்டைத் தவறவிடுவார். இதற்காக அமெரிக்கப் பொது ஒலிபரப்பாளர்கள் 2005இல் பிபிகோர் என்ற பொது விவர முறையை வெளியிட்டார்கள். நூலகத்துறையினர் வகுத்த டப்ளின் கோர் என்ற பதினைந்து தலைப்புகள் கொண்ட முறை அதற்கு அடிப்படையாயிற்று. டப்ளின் என்றதும் அயர்லாந்து நினைவுக்கு வரும். இது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள டப்ளின்.

சீட்டுப் பிரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் மேலே சொன்ன சைக்கிள் வலையமைப்பே சாட்சி. அச்சங்கத்தின் ஒலிநாடாக்கள் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தன. அவை பற்றிய கடிதங்களும் குறிப்புகளும் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் விஸ்கொன்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருந்தன. ஒலி ஓரிடம், அதன் பொருள் வேறிடம். இரண்டையும் கணனி மயமாக்கி ஒன்றோடொன்று இணைக்கும் வேலை எமது காலத்தில்தான் நடந்தேறியது.

அனுமதி

வானொலியில் ஒலிபரப்பக் கிடைத்த உரிமை, இணையத்தில் வைத்திருக்கக் கிடைத்த உரிமையாகாது. பாட்டொன்றை ஒலிபரப்ப அங்கு நிலையங்களுக்குப் பொதுவான ஒப்பந்தங்கள் உண்டு. அதே பாட்டு அடங்கிய நிகழ்ச்சியை எவரும் எப்போதும் இறக்கிக்கொள்ளும்படி வைப்பது வேறு விடயம். ஆதலால் பாட்டையும் பேச்சையும் தனித்தனித் தடங்களில் பதிந்து வைப்பவர்கள் பின்னால் தப்பிக்கொள்கின்றார்கள்.

பாட்டு உரிமையை விட எம்மைச் சிந்திக்க வைப்பது பேசியவரின் அனுமதி. ஒரு தாய் காணாமற்போன தன் மகனைப் பற்றியோ, கடனால் இழந்த காணியைப் பற்றியோ உள்ளூர் வானொலிக்குச் சொல்கின்றார். அயலவர் கேட்பார்கள், ஒரு நாளோடு முடியும் என்று நம்பித்தான் சொல்கின்றார். அது களஞ்சியத்தில் ஏறி, அவர் அறியாத ஊர்களில், அவர் அறியாத ஆண்டுகளில் ஒலிக்குமானால், அவரிடம் அதைச் சொல்லிக் கேட்டோமா? எழுத்தறிவு குறைந்தவரானால் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது போதாது. பதிவின் தொடக்கத்திலேயே, எங்கே போகும், எவ்வளவு காலம் இருக்கும் என்பதை அவரது மொழியில் விளக்கி, அவர் சம்மதிப்பதையும் ஒலியாகப் பதிந்துகொள்வது நல்லது. பின்னர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவதற்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திறப்பு யாரிடம்?

பொதுக் களஞ்சியம் என்றால் பொதுச் செலவும் உண்டு. வன்தட்டுகள் சில ஆண்டுகளில் பழுதாகும். எனவே ஒரே பதிவை இரண்டு ஊர்களிலாவது வைத்திருக்க வேண்டும்; பழையதிலிருந்து புதியதுக்கு மாற்ற வேண்டும்; மாற்றியபோது ஒரு எழுத்தும் மாறவில்லை என்று சரிபார்ப்பு எண்ணைக் கணித்து ஒப்பிட வேண்டும். இது ஒருமுறை கட்டி முடிக்கும் கட்டடம் அன்று; மாதாமாதம் வேலி கட்டுவது போன்றது. கட்டடத்துக்கு நன்கொடை கொடுப்பவர்கள் வேலிக்குக் கொடுப்பது அரிது.

பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இப்படியான பல பொதுச் செலவுகளைச் சுமந்து வந்தது. 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ், அடுத்த இரண்டு நிதியாண்டுகளுக்கென ஏற்கெனவே ஒதுக்கிய ஏறக்குறைய 110 கோடி டொலரைத் திரும்பப் பெற்றது. ஓகஸ்ட் மாதம் கூட்டுத்தாபனம் தனது பணிகளை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. நிகழ்ச்சிகளை விநியோகிக்கும் பொது அமைப்புக்கு மிஞ்சிய பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் என்.பி.ஆரும் கூட்டுத்தாபனமும் நீதிமன்றம் வரை சென்று, அவ்வாண்டு நவம்பரில் இணக்கம் கண்டன. நகரத்துப் பெரிய நிலையங்களுக்கு நன்கொடையாளர் உண்டு. கிராமத்து நிலையங்களுக்கு அந்த வசதி இல்லை.

அலாஸ்காவின் பெதல் என்ற ஊருக்கு வெளியிலிருந்து தரைப்பாதை கிடையாது. அங்குள்ள கே.வை.யூ.கே. நிலையம் 1971 முதல் ஆங்கிலத்திலும், பூர்வீகக் குடிகளின் யூப்பிக் மொழியிலும் ஒலிபரப்பி வருகின்றது. முதியவர்கள் தம் மொழியில் சொன்ன கதைகளும் நினைவுகளும் அதன் பதிவுகளில் உள்ளன. பொஸ்ரன் நகரின் ஜி.பி.எச். நிலையமும் காங்கிரஸ் நூலகமும் 2013 முதல் சேர்ந்து நடத்தும் அமெரிக்கப் பொது ஒலிபரப்புக் களஞ்சியத்தில் அவற்றில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. அக்களஞ்சியம் தொடக்கத்தில் ஏறக்குறைய 40,000 மணி நேரப் பதிவுகளைக் கணனி மயமாக்கியது. பதிவு இரண்டு இடங்களில் இருப்பதன் பெறுமதி இத்தகைய நேரத்திலேதான் விளங்கும்: நிலையத்தின் வருமானம் வற்றினாலும் அந்தப் பகுதியாவது தப்பியிருக்கும். களஞ்சியத்துக்குப் போகாத மிகுதி நிலையத்தின் சொந்த வலிமையையே நம்பியிருக்கின்றது.

குழுவாகச் செய்வதற்கு

உங்கள் சங்கத்திடம், பங்கு அலுவலகத்தில் அல்லது வாசிகசாலை அலுமாரியில், பழைய கசெற் ஒன்றாவது இருக்கும். அதை எடுத்து, பதிவு செய்யும் வசதியுள்ள ஒருவரைக் கொண்டு கணனியில் சுருக்காமல் பதிந்துகொள்ளுங்கள். பின்னர் ஐந்து பேர் சேர்ந்திருந்து கேட்டு, நாம் மேலே சொன்ன விவரச் சீட்டை ஒரு அட்டையில் நிரப்புங்கள். எந்த இடம் நிரப்ப முடியாமல் வெறுமையாக நிற்கின்றது, அதை அறிந்தவர் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கின்றாரா என்று பாருங்கள். பேசியவரோ அவரது பிள்ளைகளோ இருந்தால், அடுத்த ஊரார் இதைக் கேட்கலாமா என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும் அதே அட்டையில், திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.